செஸ்னா 152-க்கு நாலு லட்சத்தில் பெயிண்ட்: பாலக்காட்டு எல்லையில் ஒரு நிகழ்வு ஆய்வு

முந்தின வருஷம் தீபாவளி முடிந்த கையோடு கோபாலபுரத்து அண்ணன் கூப்பிட்டார். "தம்பி, ஏரோப்ளேனுக்குப் பெயிண்ட் அடிச்சாகணுமுங்க. கையில நாலு லட்சம் இருக்குது. அதுக்குள்ள முடியுமான்னு மட்டும் சொல்லுங்க."

கொழிஞ்சாம்பாறை, கோபாலபுரம், வேலந்தாவளம் எல்லாம் கேரளத்துக்குள் இருக்கும் ஊர்கள். வீட்டுக்குள் தமிழ், பஞ்சாயத்து ஆபீஸில் மலையாளம். தென்னந்தோப்பும் கள் இறக்குவதும்தான் இங்கே பெரும்பாலும் பிழைப்பு. அண்ணனும் தோப்புக்காரர்தான். அவரும் அவர் மச்சானும் சேர்ந்து பழைய செஸ்னா 152 ஒன்றை வாங்கி வைத்திருக்கிறார்கள். 1979-ம் வருஷத்து மாடல், இரண்டு சீட், 110 குதிரைத்திறன் எஞ்சின். தன் எடை, ஆள், எரிபொருள் எல்லாம் சேர்த்து 757 கிலோவுக்கு மேல் போகக் கூடாது. எல்லையிலிருந்து ஒன்றரை மணி நேரத் தூரத்தில் ஒரு வாடகை ஹேங்கரில், அதாவது விமானக் கொட்டகையில், நிற்கிறது. பெயரும் பதிவெண்ணும் வேண்டாம் என்று அண்ணன் கேட்டுக்கொண்டதால் அதோடு விடுகிறேன். நான் கொழிஞ்சாம்பாறைக்காரன், உரிமம் பெற்ற விமானப் பராமரிப்புப் பொறியாளர். இந்த விமானத்தின் பதிவேட்டில் கையெழுத்துப் போடுகிறவன்.

இறக்கையின் மேல்புறத்தில் கை வைத்துத் தேய்த்தால் சுண்ணாம்பு மாதிரி ஒட்டியது. அடிவயிற்றில் எஞ்சின் எண்ணெய் ஊறி பெயிண்ட் பொருபொருவென்று நின்றது. கதவுப் பக்கம் மட்டும் பரவாயில்லை.

இரண்டு விலை வந்திருந்தது. முழுக்க உரித்து அடித்துத் தரும் ஓர் இடத்தில் ஒன்பது லட்சத்துக்கு மேல் கேட்டார்கள், அங்கே கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரும் செலவு தனி. இன்னொருவர் லேசாகத் தேய்த்துவிட்டு மேலேயே அடித்துத் தருவதாகச் சொன்னார், ஒரு லட்சத்து இருபதாயிரம். அண்ணனுக்கு இரண்டாவதில் கண். வேண்டவே வேண்டாம் என்றேன். விமானத்தில் பெயிண்டை உரிப்பது தகட்டைக் கண்ணால் பார்க்கக் கிடைக்கும் அபூர்வமான சந்தர்ப்பம். வருஷாந்திரப் பரிசோதனையில் நான் எத்தனை டார்ச் அடித்துப் பார்த்தாலும் பெயிண்டுக்கு அடியில் என்ன ஓடுகிறது என்பது எனக்குத் தெரியாது. மேலேயே அடித்தால் இன்னும் பத்து வருஷத்துக்கு அந்தச் சந்தர்ப்பம் இல்லாமல் போய்விடும். நாலு லட்சத்தில் எதை விட்டாலும் இதை விடக் கூடாது என்பதுதான் நான் போட்ட ஒரே நிபந்தனை.

எதை உரிப்பது, எதை விடுவது

முழு விமானத்தையும் உரிக்கப் பணம் இல்லை. அதனால் பிரித்தோம். எய்லரான் (விமானத்தைப் பக்கவாட்டில் சாய்க்கும் இறக்கைப் பலகை), எலிவேட்டர் (மூக்கை ஏற்றி இறக்கும் வால் பலகை), சுக்கான், ஃபிளாப் (மெதுவாகப் பறக்க இறக்கையில் கீழே இறக்கும் பலகை) எல்லாவற்றையும் கழற்றி முழுக்க உரிப்பது. இறக்கைகளின் மேல்புறத்தையும் அடிவயிற்றையும் அதேபோல முழுக்க உரிப்பது. உடம்பின் பக்கவாட்டும் இறக்கையின் அடிப்புறமும் பெயிண்ட் பிடிப்பு சரியாக இருந்தால் உரிக்காமல் தேய்த்து, அதன்மேல் அடிப்பது.

பிடிப்பு இருக்கிறதா என்று பார்க்க, கார் பட்டறைகளில் பிளேடால் கட்டம் கட்டமாகக் கீறி டேப் ஒட்டி இழுப்பார்கள். இங்கே அதைச் செய்யக் கூடாது. ஈரத்துணியை ஒரு ராத்திரி வைத்து, காலையில் துடைத்து, நல்ல பசையுள்ள டேப்பை அழுத்தி ஒட்டி ஒரே இழுப்பில் உரித்துப் பார்த்தோம். பக்கவாட்டில் டேப் சுத்தமாக வந்தது. இறக்கை மேலே முழங்கை அகலத்துக்குப் பெயிண்டும் சேர்ந்து வந்தது.

பிளேடு ஏன் கூடாது என்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்தத் தகடு 2024-டி3 என்ற அலுமினியக் கலவை. செம்பு கலந்தது. அதனால் பலம் அதிகம், அரிப்பும் அதிகம். அரிப்பைத் தடுக்க இரண்டு பக்கமும் சுத்த அலுமினியத்தை மெல்லிய போர்வை மாதிரி ஒட்டி உருட்டியிருப்பார்கள். இந்த மாதிரி மெல்லிய தகட்டில் அந்தப் போர்வை ஒரு பக்கத்துக்கு மொத்த கனத்தில் 5 சதவீதம். அரை மில்லிமீட்டர் தகடு என்றால் 0.025 மில்லிமீட்டர். தலைமுடியைவிட மெல்லிசு. 80-ம் நம்பர் உப்புத்தாளைச் சுழலும் மிஷினில் மாட்டி ஒரு நிமிஷம் ஓட்டினால் போர்வை போய்விடும். பிளேடு கீறினால் அந்தக் கோட்டிலிருந்து பின்னாளில் விரிசல் கிளம்பும். பெரிய பயணிகள் விமானங்களிலேயே பெயிண்டும் சீலன்ட்டும் சுரண்டிய கருவிகளின் கீறலிலிருந்து விரிசல் கிளம்பிய வரலாறு உண்டு.

பெயிண்டர் வேலந்தாவளத்துக்காரர். கஞ்சிக்கோட்டில் கார், வேன், ஆம்புலன்ஸ் என்று இருபத்தைந்து வருஷம் ஸ்ப்ரே கன் பிடித்தவர். அவர் கை ஓட்டத்தைப் பார்த்துத்தான் கூப்பிட்டேன். ஆனால் கோடு போடுவதற்கு டேப்பை வண்டியின் மேலேயே வைத்து பிளேடால் நறுக்குவது அவருக்கு மூச்சு விடுகிற மாதிரி. முதல் நாளே சொன்னேன்.

"பிளேடு இல்லாம லைன் எப்படிங்க சார் வரும்?"

"கண்ணாடி மேல வச்சு டேப்பை நறுக்கிக்கலாமுங்க. விமானத்து மேல எதுவும் நறுக்கக் கூடாது."

அவர் சட்டைப் பையிலிருந்த பிளேடை எடுத்து என் டூல் பெட்டிக்குள் போட்டார். வேலை முடிகிற வரை அது அங்கேதான் கிடந்தது. எஃகு நாரும் கம்பி பிரஷும் அதே கதிதான். எஃகுத் துணுக்கு அலுமினியத்தில் ஒட்டிக்கொண்டால் ஈரம் பட்டவுடன் அந்த இடத்தில் அரிப்பு தொடங்கிவிடும். தேய்ப்பதற்கு மெரூன் நிற நைலான் பஞ்சு மட்டும்.

உரித்தபோது கிடைத்தது

பெயிண்ட் உரிக்கும் ரசாயனத்தில் பென்சைல் ஆல்கஹால் அடிப்படையிலானதை எடுத்தோம். மெத்திலீன் குளோரைடு வேகமாக வேலை செய்யும், ஆனால் மூடிய இடத்தில் ஆளையே சாய்த்துவிடும். உரிப்பதற்கு முன் கண்ணாடிகளை பாலித்தீன், அதன்மேல் அலுமினிய டேப் என்று இரண்டு அடுக்கு மூடினோம். அக்ரிலிக்கில் இந்த ஆவி பட்டாலே சிலந்தி வலை மாதிரி வெடிப்பு விழும். இறக்கை நுனி மாதிரி பிளாஸ்டிக், ஃபைபர் பாகங்களில் ரசாயனம் படவே கூடாது. அவற்றைக் கழற்றிக் கையால் தேய்த்தோம்.

இந்த வேலையில் பணம் மிஞ்சியது உடம்பு உழைப்பால்தான். அண்ணன், மச்சான், அண்ணனின் அக்கா பையன், மூன்று பேரும் இருபத்து மூன்று நாள் வந்தார்கள். ஸ்க்ரூ கழற்றுவது, மூடுவது, பூசுவது, வழிப்பது, கழுவுவது எல்லாம் அவர்கள். பெயிண்டருக்குக் கன் பிடிக்கிற நாள் கூலி மட்டும். ஒவ்வொரு நாள் மாலையும் நான் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அடுத்த வேலை.

ஆறாம் நாள், வலது எய்லரானில் பையன் பிளாஸ்டிக் சுரண்டியை வைத்து இழுத்துக்கொண்டிருந்தான். செஸ்னாவின் எய்லரான் தகடு அலை அலையாக மடிந்திருக்கும், மெல்லிய தகட்டுக்கு விறைப்பு கொடுக்க. அந்த அலையில் பெயிண்ட் சுருண்டு சுருண்டு வந்தது. ஒரு இடத்தில் மட்டும் வரவில்லை. "மாமா, இங்க மட்டும் பிங்க் கலரா இருக்குது" என்றான். போய்ப் பார்த்தேன். பட்டி. கார் கதவு நசுங்கினால் பார்ப்பார்களே, அதே பட்டி. பின்விளிம்பு ஓரமாக உள்ளங்கை அளவுக்குப் பூசித் தேய்த்து, அதன்மேல் வெள்ளை அடித்திருக்கிறார்கள். நகத்தால் நிமிண்டினேன், பொட்டாகப் பெயர்ந்தது. அடியில் இரண்டு அலைகள் நசுங்கி, ஒன்றின் முகட்டில் மயிரிழைக் கீறல். பழைய பதிவேடுகளை முழுக்கப் புரட்டினேன். அப்படியொரு வேலை நடந்ததற்கு ஒரு வரி கூட இல்லை.

இது ஏன் சின்ன விஷயம் இல்லை என்றால், எய்லரான் கீலில் தொங்குகிற பலகை. கீலுக்கு முன்னால் ஈய எடை வைத்துப் பின்பக்க எடையைச் சமன் செய்திருப்பார்கள். பின்விளிம்பில் எடை கூடினால் வேகத்தில் அது படபடவென்று அடிக்க ஆரம்பிக்கும். அந்த அதிர்வு இறக்கையைப் பிடித்துக்கொண்டால் சில நொடிகளில் பாகம் பிய்ந்து போகும். பட்டியோ, நாலாவது கோட் பெயிண்டோ, கீலிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறதோ அவ்வளவு பெருக்கம் அதன் பாரத்துக்கு. அண்ணனும் அவர் வீட்டு ஆட்களும் அதில்தான் அத்தனை நாள் பறந்திருக்கிறார்கள். அன்றைக்கு அவர் ஒன்றும் பேசவில்லை. மச்சான்தான், "தகட்டை மாத்திருங்க தம்பி. கலர் அப்புறம் பாத்துக்கலாம்" என்றார்.

மாற்றினோம். தகடும் ரிவெட் வேலையும் சேர்த்து எழுபதாயிரம். அண்ணன் ஆசைப்பட்ட நீலம், வெள்ளி, சிவப்பு என்ற மூன்று வரிக் கோடு அத்தோடு போனது. வெள்ளை உடம்பு, ஒரே ஒரு நீலக் கோடு என்று முடிவானது. கோடு குறைந்தால் மூடுகிற கூலியும் டேப்பும் குறையும், எடையும் குறையும்.

இறக்கையில் கிடைத்தது வேறு. ரிவெட் தலைகளைச் சுற்றி வெள்ளைப் புழு ஊர்ந்த தடம் மாதிரி நூல் நூலாக அரிப்பு. ஈரமும் உப்பும் உள்ள காற்றில் பெயிண்டுக்கு அடியில் இப்படித்தான் ஊரும். நல்லவேளை, ஆழமாகப் போகவில்லை. நைலான் பஞ்சால் எடுத்துவிட்டோம்.

கழுவிய தண்ணீர்

சுத்தமான அலுமினியத்தில் பெயிண்ட் நேராகப் பிடிக்காது. பாஸ்பாரிக் அமிலக் கழுவல், அப்புறம் அலோடின் எனப்படும் குரோமேட் பூச்சு. தகடு வெளிர் தங்க நிறமாக மாறும். நிறம் வருகிற வரை காய விடாமல் ஈரமாகவே வைத்திருக்க வேண்டும், காய்ந்தால் பொடியாகும். தகடு சுத்தமாகிவிட்டதா என்பதற்குத் தண்ணீரே சாட்சி. ஊற்றினால் விரிப்பு மாதிரி ஒரே படலமாக வழிய வேண்டும். முத்து முத்தாக உடைந்தால் எங்கேயோ எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறது.

அந்தப் பூச்சில் ஆறு இணைதிறன் குரோமியம் இருக்கிறது. புற்றுநோய் உண்டாக்குவது. கழுவிய தண்ணீரைப் பக்கத்து ஓடையில் விடலாம் என்று ஹேங்கர் ஆள் சாதாரணமாகச் சொன்னார். பிளாச்சிமடை எங்கள் தாலுகா. நிலத்தடி நீருக்காக அந்த ஊர் ஜனங்கள் 2002-ல் உட்கார்ந்த போராட்டத்தைப் பார்த்து வளர்ந்த எனக்கு அதைக் கேட்கவே முடியவில்லை. தரையில் தார்ப்பாய் விரித்து, வரம்பு கட்டி, தண்ணீர் முழுவதையும் டிரம்மில் பிடித்து, அபாயக் கழிவு எடுத்துப்போக உரிமம் உள்ளவர்களிடம் ஒப்படைத்தோம். பன்னிரண்டாயிரம் ஆனது. கையால் தெளித்துத் துடைத்ததால் தண்ணீர் குறைவு, அதனால் அவ்வளவோடு நின்றது.

காற்று விட்ட இரண்டரை மணி நேரம்

பாலக்காட்டுக் கணவாய் பற்றி இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மார்கழி, தை மாதங்களில் கிழக்கிலிருந்து வீசுகிற காய்ந்த காற்றை மலையாளிகள் திருவாதிரைக் காற்று என்பார்கள். பதினொரு மணிக்கு மேல் தூசியை அள்ளிக்கொண்டு வரும். ஈரப் பெயிண்ட் மேல் அது பட்டால் உப்புத்தாள்தான். காற்று அடங்கிய விடியற்காலையில் அடிக்கலாம் என்றால் பனி. பாலியூரித்தேன் பெயிண்டின் கடினமாக்கி ஈரத்தோடும் வினைபுரியும், பளபளப்பு செத்து நுண்குமிழ் விழும். தகட்டின் சூடு பனிநிலையைவிட (காற்றின் ஈரம் தண்ணீராகப் படியத் தொடங்கும் சூடு) குறைந்தது 3 டிகிரி செல்சியஸ் மேலே இருக்க வேண்டும் என்பது கணக்கு. ஒரு ஈரமானியும் தகட்டில் ஒட்டுகிற தெர்மாமீட்டரும் வாங்கி மாசி மாதம் முழுக்கக் குறித்துப் பார்த்தோம். காலை எட்டரையிலிருந்து பதினொன்று. அவ்வளவுதான் நேரம். ஒரு நாளைக்கு ஒரு இறக்கை, இல்லையென்றால் உடம்பின் ஒரு பக்கம். ஹேங்கர் வாடகை ஒரு மாதம் கூடியது, நாற்பதாயிரம். கழற்றிய பாகங்களை மட்டும் டாடா ஏஸில் ஏற்றிக் கஞ்சிக்கோட்டுக்குக் கொண்டுபோய் பெயிண்டரின் மூடிய அறையிலேயே அடித்தோம்.

பெயிண்டர் வழக்கமாகக் கட்டுவது துண்டு. கொஞ்சம் விவரமானவர்கள் கரி வடிகட்டி முகமூடி போடுவார்கள். இந்தக் கடினமாக்கியில் இருப்பது ஐசோசயனேட். வடிகட்டி தீர்ந்து உள்ளே வந்தாலும் மூக்குக்கு வாசனை தெரியாது. ஒருமுறை நுரையீரல் அதற்குப் பழகி ஒவ்வாமை வந்துவிட்டால், பிறகு துளி பட்டாலும் ஆஸ்துமா இழுக்கும், தொழிலையே விட வேண்டியதுதான். வெளிக்காற்றைக் குழாயில் கொண்டுவந்து தலைக்கவசத்துக்குள் விடும் கருவி வாங்கினோம், இருபத்தெட்டாயிரம். கம்ப்ரசரிலிருந்து மூச்சுக்காற்று எடுக்கக் கூடாது, அதில் எண்ணெய்ப் புகை கலக்கும். தனி ஊதி, ஹேங்கருக்கு வெளியே, காற்று வரும் திசையில். இதைக் குறைக்கலாமா என்று அண்ணன் கேட்கக்கூட இல்லை, அதற்காக அவர்மேல் எனக்கு மரியாதை. வேலை முடிந்ததும் கருவியைப் பெயிண்டரிடமே கொடுத்துவிட்டார். இப்போது கார் அடிக்கும்போதும் அதைப் போட்டுக்கொள்கிறார்.

செஸ்னாவில் வேகம் அளக்க எதிர்க்காற்றை வாங்கும் பிட்டோ குழாய், உயரமும் வேகமும் காட்ட வெளிக்காற்றின் அழுத்தத்தை வாங்கும் நிலையழுத்தத் துளை, எரிபொருள் காற்றுக்குழாய், வேகம் விழுவதை எச்சரிக்கும் ஊதலின் வாய், நாலும் இடது பக்கம். பெயிண்ட் போகாமல் மூட வேண்டும், மூடியதை மறக்காமல் திறக்க வேண்டும். 1996 அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து கிளம்பிய போயிங் 757 ஒன்று, கழுவும்போது நிலையழுத்தத் துளைமேல் ஒட்டிய டேப்பை எடுக்காததால் உயரமும் வேகமும் தெரியாமல் கடலில் விழுந்தது. எழுபது பேர். நாங்கள் உடம்புக்கு வெள்ளை டேப், இந்த நாலுக்கு மட்டும் சிவப்பு டேப், ஒவ்வொன்றிலும் முழ நீள ரிப்பன். எடுத்த நாலையும் ஒரு வெள்ளைத்தாளில் ஒட்டி, தேதி போட்டு, பதிவேட்டுக்குள் வைத்திருக்கிறேன்.

இந்திய விமானங்களுக்குரிய விடி (VT) என்று தொடங்கும் பதிவெழுத்துகளைத் தாளில் வெட்டிய அச்சு வைத்து அடித்தோம். உடம்பில் குறைந்தது 30 சென்டிமீட்டர் உயரம், இறக்கைக்கு அடியில் 50.

எடையும் கணக்கும்

பெயிண்ட் காய்ந்த பாகங்களை மாட்டுவதற்கு முன் சமநிலை பார்த்தோம். கீல் முனைகளைக் கத்திமுனைத் தாங்கியில் வைத்து, நகர்த்தும் எடையுள்ள அளவுகோலைப் பின்விளிம்பில் பொருத்திப் பார்க்கிற வேலை. ஹேங்கர் கதவுச் சந்தில் வந்த காற்றுக்கே எய்லரான் ஆடியது. கதவைச் சாத்தி, ஃபேனை நிறுத்தி, ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றோம். வலது எய்லரான் வரம்புக்குள். இடது எலிவேட்டர் வெளியே. பெயிண்டர் ஒரு கோட் கூடுதலாகக் கொடுத்திருந்தார், பளபளப்புக்காக. ஈயம் சேர்த்துச் சரிக்கட்டுவதில் எனக்கு விருப்பமில்லை. மறுபடி உரித்து அடித்தோம். பெயிண்டருக்கு வருத்தம், ஆனால் அளவுகோலில் முள் சாய்ந்ததை அவரே பார்த்திருந்தார்.

விமானத்தை முழுக்க எடை போட்டதில் முன்பைவிட மூன்றரை கிலோ குறைவு. 

மொத்தச் செலவு நாலரை லட்சம். பெயிண்ட், எபாக்ஸி பிரைமர், ரசாயனம் எல்லாம் ஒரு லட்சத்து அறுபத்தைந்தாயிரம். கூலி தொண்ணூறாயிரம். சமநிலை, எடை வேலைகளுக்கு முப்பது. மற்றதை மேலே சொன்னேன், சில்லறைச் செலவு பதினைந்து. அண்ணன் வைத்திருந்ததைவிட ஐம்பதாயிரம் கூடிப்போனது, அதற்கு அந்த எய்லரான்தான் காரணம்.

பிறகு தெரிந்தவை

சித்திரை வெயிலில் இடது இறக்கையின் மேல்புறத்தில், உடம்போடு சேரும் பக்கம், இரண்டு தகடு மேலும் கீழுமாக ஒட்டும் விளிம்பை ஒட்டி விரல் நீளத்துக்குப் பெயிண்ட் தூக்கிக்கொண்டது. உரிக்கும்போது விளிம்புகளுக்கு இரண்டு சென்டிமீட்டர் முன்னாலேயே அலுமினிய டேப் ஒட்டி நிறுத்தச் சொல்லியிருந்தேன், மீதியைக் கையால் தேய்ப்பதற்கு. இந்த ஒரு இடத்தில் டேப் கிளம்பி ரசாயனம் சந்துக்குள் போயிருக்கிறது. அன்று மாலை பார்த்துக் கையெழுத்துப் போட்டது நான். என் கண்ணில் படவில்லை. சூடு ஏறியதும் உள்ளே இருந்தது கசிந்து வந்துவிட்டது. அந்தப் பகுதியைத் திறந்து, வெதுவெதுப்பான தண்ணீரால் திரும்பத் திரும்ப அலசி, மெல்லிய காற்றடித்து, இரண்டு நாள் காயவிட்டு மறுபடி பிரைமரிலிருந்து தொடங்கினோம்.

தென்மேற்குப் பருவமழை கணவாய் வழியாக நான்கு மாதம் ஈரத்தை அள்ளி வந்த பிறகு, அக்டோபரில் லென்ஸ் வைத்து ஒவ்வொரு ரிவெட்டாகப் பார்த்தேன். உரித்து அடித்த இறக்கையில் ஒன்றுமில்லை. சரிசெய்த விளிம்பும் அப்படியே இருந்தது. உரிக்காமல் மேலே அடித்த வலது கதவுக் கீலுக்குக் கீழே, பெயிண்டுக்கு அடியில் நாலு சென்டிமீட்டருக்கு அந்தப் புழுத்தடம் ஓடியிருந்தது. டேப் சோதனையில் தேறிய இடம் அது. போட்டோ எடுத்து, அளந்து, பதிவேட்டில் எழுதினேன். வருகிற மாசியில் அந்தப் பக்கத் தகடுகள் இரண்டையும் முழுக்க உரிக்கிறோம். பெயிண்டரிடம் தேதி வாங்கியாயிற்று. அக்கா பையன் லீவு போட்டுவிட்டு வருவதாகச் சொல்லியிருக்கிறான்.